எத்தனால் கலந்த பெட்ரோல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எத்தனால் என்று பேச்செடுத்தாலே ஒருவர் "இன்ஜினைத் தின்றுவிடும்" என்கிறார், இன்னொருவர் "பூமியைக் காப்பாற்றப் போவதே அதுதான்" என்கிறார். நடுவில் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனால் நல்ல எரிபொருள்தான். ஆனால் அதற்கென்று செய்த இன்ஜின் வேண்டும், அது நல்ல மூலப்பொருளிலிருந்து வர வேண்டும், குறைந்த ஆற்றலுக்கு ஏற்ற குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார், பெரும்பாலும் அது வண்டிக்காரர்தான்.

1. எத்தனால்னா என்ன? குடிக்கிற சாராயமும் இதுவும் ஒண்ணுதானா?

மூலக்கூறு ஒன்றேதான். கரும்புச்சாறு, மொலாசஸ் எனும் கழிவுப்பாகு, மக்காச்சோளம், கோதுமை, மரவள்ளி, பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கு என்று சர்க்கரையோ மாவுச்சத்தோ உள்ள எதையும் ஈஸ்ட் விட்டு நொதிக்க வைத்தால் எத்தனால் வரும். அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். சாதாரண வடித்தலில் எடையில் சுமார் 95.6 சதவீதம் வரைதான் போக முடியும், மிச்சம் தண்ணீர் பிரியாது. அதையும் எடுக்க மாலிக்யூலர் சீவ் என்ற நுண்துளைப் பொருள் வழியாக அனுப்பி, பெட்ரோலில் கலக்கும் அளவுக்கு உலர்ந்த எத்தனாலாக மாற்றுகிறார்கள்.

அப்புறம், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக அதில் பெட்ரோல் போன்ற ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். எனவே எரிபொருள் எத்தனாலைக் குடிப்பது விஷம் குடிப்பதுதான். இதில் விளையாட்டே வேண்டாம்.

2. இ10, இ20, இ85ன்னு போட்டிருக்கே, அந்த நம்பர் என்ன?

கலவையில் எத்தனாலின் பங்கு, கன அளவில். இ10 என்றால் 10 சதவீதம் எத்தனால், 90 சதவீதம் பெட்ரோல். இ20 என்றால் 20 சதவீதம். இ85 மட்டும் பெயருக்கு ஏற்றபடி இருக்காது; அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பதில் பருவத்தையும் இடத்தையும் பொறுத்து 51 முதல் 83 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். ஏன் அப்படி என்பதற்கு 10-ஆம் கேள்வியில் விடை இருக்கிறது.

அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் இ10. இந்தியா 2030-க்கு வைத்திருந்த இ20 இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டியது. பிரேசில் 2015-லிருந்து 27 சதவீதம் கலந்துவந்து, 2025 ஆகஸ்ட்டில் 30-க்குப் போனது.

3. மைலேஜ் குறையுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா, இல்ல மனப்பிரமையா?

நிஜம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணம், எத்தனால் மூலக்கூறில் ஏற்கெனவே ஒரு ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. எடையில் 35 சதவீதம் அதுதான், அது எரிந்து ஆற்றல் தராது. கணக்குப் போட்டால் இ10-ல் 3 சதவீதம், இ20-ல் 6 முதல் 7 சதவீதம், இ85-ல் கால் பங்குக்கும் மேல் ஆற்றல் குறைகிறது.

ஓட்டும்போது அது அப்படியே தெரியுமா என்பது இன்ஜினைப் பொறுத்தது. இந்தியாவின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது: எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம், அதே வகை இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம். மைலேஜ் பாதியாகிவிட்டது, 20 சதவீதம் போய்விட்டது என்று சொல்பவர்கள் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டு நிற்பது இதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும். இ20-ல் 20 சதவீதம் குறைய வேண்டுமென்றால் எத்தனால் எரியவே கூடாது.

ஆனால் 6 சதவீதம் சின்ன விஷயம் என்று தள்ளிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. லிட்டர் விலை அதே, ஓடும் தூரம் குறைவு என்றால் அது விலையேற்றம்தான். ஆற்றல் குறைகிற அளவுக்கு விலையும் குறைய வேண்டும். பிரேசில் ஓட்டுநர்கள் பங்க்கில் இதைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருப்பதால் அந்தக் கணக்கு அவர்களுக்குப் பயன்படுகிறது.

4. ஆற்றலும் கம்மி, அப்புறம் எதுக்குக் கலக்கணும்? ஒரு நல்லதாவது இருக்கா?

இருக்கிறது, அதுவும் பெரியது: ஆக்டேன். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை சிலிண்டரில் அழுத்தப்படும்போது, தீப்பொறியால் எழும் சுடர் வந்து சேரும் முன்பே தானாகவே வெடித்தால் இன்ஜினில் டொக் டொக் என்று தட்டும் சத்தம் வரும், பிஸ்டன் சேதமாகும். அதைத் தாங்கும் திறனுக்கான எண்தான் ஆக்டேன். சாதாரண பெட்ரோல் 91 முதல் 95 வரை இருக்கும் இடத்தில் எத்தனால் 108 அளவில் இருக்கிறது. அது போக, ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்குமே, அதே வேலை சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. உள்ளே போகும் காற்று குளிர்கிறது, தட்டுவது இன்னும் குறைகிறது.

இந்த வேலைக்கு இதற்கு முன் உலகம் என்ன பயன்படுத்தியது என்று பார்த்தால் எத்தனாலின் மதிப்பு புரியும். 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்று இந்தத் தட்டலை நிறுத்துவதைக் கண்டார். ஆல்கஹாலும் அதே வேலையைச் செய்யும் என்று அப்போதே தெரியும். ஆனாலும் ஈயம்தான் வந்தது, பல தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை உலகில் கடைசியாக நின்றது 2021-ல், அல்ஜீரியாவில். ஈயத்துக்குப் பதிலாக அமெரிக்காவில் பரவலாகச் சேர்த்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கி அதைக் கெடுத்தது, 2006 வாக்கில் அங்கே அதன் இடத்தைப் பெரும்பாலும் எத்தனால் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டோடும் ஒப்பிட்டால் எத்தனால் எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

5. ஆக்டேன் ஜாஸ்தின்னா என் வண்டி இன்னும் வேகமா போகணுமே?

போகாது, உங்கள் இன்ஜின் அதற்காகச் செய்யப்படவில்லை என்றால். ஆக்டேன் என்பது ஆற்றல் அல்ல, அதிக அழுத்தத்தைத் தாங்கும் திறன். அழுத்த விகிதம் கூடுதலான இன்ஜினோ டர்போவோ இருந்தால் அந்தத் திறனைக் கறந்துகொள்ளும், 3-ஆம் பதிலில் சொன்ன இழப்பில் ஒரு பகுதியை மீட்கவும் செய்யும். 2007-ல் அமெரிக்காவின் இண்டிகார் கார் பந்தயங்கள் முழுக்க எரிபொருள் தர எத்தனாலில் ஓடின, அந்த இன்ஜின்கள் அதற்கென்றே கட்டப்பட்டவை. தெருவில் ஓடும் பழைய, குறைந்த அழுத்த விகித இன்ஜினுக்கு இந்தக் கூடுதல் ஆக்டேன் வீண்தான்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. எத்தனால் ஆக்டேனை ஏற்றிவிடும் என்பதால் சுத்திகரிப்பு ஆலைகள் அடிப்படைப் பெட்ரோலையே குறைந்த ஆக்டேனில் தயாரித்து அனுப்ப முடியும், எத்தனால் சேர்ந்த பிறகு பழைய எண்ணுக்கே வந்துவிடும். அப்படிச் செய்யும் இடங்களில் ஆக்டேன் லாபம் ஆலைக்கு, ஆற்றல் இழப்பு உங்களுக்கு. பங்க்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் எத்தனால் வந்த பிறகு கூடியிருக்கிறதா என்று பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

6. பழைய வண்டி வெச்சிருக்கேன். ரப்பரெல்லாம் கரைஞ்சிடும்னு பயமுறுத்தறாங்க

கரைந்துவிடாது, ஆனால் பயம் முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைக்கும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கவைக்கும். பழைய வண்டிகளின் எரிபொருள் ஹோஸ், ஓ-ரிங், கார்புரேட்டர் மிதவை, கார்க் கேஸ்கெட் இவைதான் முதலில் அடிவாங்கும். உலோகத்தில் துத்தநாகம், மெக்னீசியக் கலவைகள், ஈயமும் வெள்ளீயமும் பூசிய டேங்க் இவற்றில் அரிப்பு வரலாம், குறிப்பாகத் தண்ணீரும் சேர்ந்திருந்தால். புது வண்டிகளில் ஃப்ளூரோ ரப்பர், நைலான் குழாய், துருப்பிடிக்காத எஃகு என்று மாற்றிவிட்டார்கள், அதனால் அங்கே இந்தப் பேச்சே இல்லை. பழைய படகுகளில் இருந்த சில ஃபைபர்கிளாஸ் டேங்குகளின் பிசின் உண்மையிலேயே கரைந்து இன்ஜினுக்குள் போன சம்பவங்கள் உண்டு. வண்டி டேங்கைப் பற்றிய வதந்திகளில் சிலவற்றுக்கு வேர் அங்கே இருக்கலாம்.

இரண்டாவது பிரச்சினை காற்று விகிதம். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், இ20-க்குச் சுமார் 13.5. எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் ஆக்சிஜன் சென்சாரும் உள்ள வண்டி இதைத் தானே கண்டு கொஞ்சம் கூடுதலாகத் தெளிக்கும். கார்புரேட்டருக்குக் கண் இல்லை. பழைய அளவிலேயே விடும், கலவை மெலிந்துபோகும், ஆக்சிலரேட்டர் திருகும்போது திணறும், இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். நல்ல மெக்கானிக், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவதாக, எத்தனால் நல்ல கரைப்பான். வருடக்கணக்காக டேங்க் அடியில் படிந்திருந்த கசடை முதல் சில டேங்குகளில் கிளப்பிவிட்டு ஃபில்டரை அடைக்கலாம். "இ20 போட்டதும் வண்டி நின்றுவிட்டது" என்ற கதைகளில் கணிசமானவை இந்த வகைதான். ஃபில்டரை மாற்றினால் தீரும்.

7. என் வண்டி தாங்குமா தாங்காதான்னு யாரைக் கேக்கறது?

வண்டியோடு வந்த கையேட்டை. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கரும் இருக்கலாம். அதில் இ10 வரை என்று இருந்தால், இ20-ஐ ஒரு முறை போட்டதால் எதுவும் ஆகிவிடாது, ஆனால் தினமும் அதையே போட்டு ஓட்டினால் 6-ஆம் பதிலில் சொன்ன தேய்மானம் உங்கள் பொறுப்பில் வரலாம். வாரண்டி இருக்கும் வண்டியென்றால் தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்று சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்வது பின்னால் கைகொடுக்காது.

பங்க்கில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெளிவாக எழுதி ஒட்ட வேண்டும் என்பதும், பழைய வண்டிகளுக்கு குறைந்த கலவை ஒன்று தனியாகக் கிடைக்க வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கைகள். அதைக் கேட்பவர்களை எத்தனாலுக்கு எதிரி என்று முத்திரை குத்துவது தவறு.

8. எத்தனால் காத்துல இருக்கிற தண்ணியை இழுத்து டேங்கை நிரப்பிடுமாமே?

தண்ணீரை இழுக்கும் என்பது உண்மை. டேங்கை நிரப்பிவிடும் என்பது மிகை. மூடிய டேங்கில் காற்றின் ஈரம் மூலம் சேரும் தண்ணீர் மிகக் குறைவு, மிக மெதுவாகச் சேரும். ஆபத்து வருவது வேறு வழியில்: மழைநீர் இறங்கும் பழுதான டேங்க் மூடி, அல்லது பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் கசிந்த தண்ணீர்.

இ10 சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீரைக் கரைத்துவைத்துக்கொண்டு அப்படியே எரித்துவிடும். இது ஒரு வகையில் நல்லதும்கூட, ஏனென்றால் வெறும் பெட்ரோலில் அந்தக் கொஞ்சம் தண்ணீரும் அடியில் தங்கித் துருவாக்கும். ஆனால் அளவு தாண்டினால், அல்லது வெப்பநிலை திடீரென்று இறங்கினால், தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துக்கொண்டு அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். ஃபியூயல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான், இன்ஜின் அதில் ஓடாது. மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்து நிற்கும். இப்படிப் பிரிந்ததை மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், முழுக்க வடித்து எடுப்பதே வழி.

9. ஊருக்குப் போறேன், வண்டி மாசக்கணக்கில நிக்கும். என்ன பண்றது?

டேங்கை நிரப்பிவைத்துவிட்டுப் போங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு, துருவும் குறைவு. கார்புரேட்டர் வண்டி, ஜெனரேட்டர், புல்வெட்டும் இயந்திரம், தெளிப்பான் போன்ற சின்ன இன்ஜின்களில் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் ஃபியூயல் ஸ்டெபிலைசர் சேர்ப்பது நல்லது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் மாதக்கணக்கில் நின்றால் பிசுபிசுப்பாகிக் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம், எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட முடியாது.

10. குளிர்ல ஸ்டார்ட் ஆகாது, வெயில்ல அடைச்சுக்கும்னு ரெண்டும் சொல்றாங்களே?

இரண்டும் உண்மை, ஆனால் வெவ்வேறு கலவைகளுக்கு. சுத்த எத்தனால் குளிரில் போதிய ஆவி விடாது, 4-ஆம் பதிலில் நன்மையாகச் சொன்ன குளிர்விக்கும் குணமே இங்கே எதிரியாகிறது. அதனால்தான் பிரேசிலின் எத்தனால் கார்களில் ஸ்டார்ட் செய்ய மட்டும் ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் வைத்தார்கள், 2009-லிருந்து சூடேற்றும் அமைப்பு வந்து அது தேவையில்லாமல் போக ஆரம்பித்தது. குளிர் நாடுகளில் இ85-ல் எத்தனாலின் பங்கைக் குளிர்காலத்தில் குறைப்பதும் இதனால்தான்.

10 சதவீதம் போன்ற குறைந்த கலவைகளில் கதை தலைகீழ். கொஞ்சம் எத்தனால் சேர்த்தால் பெட்ரோல் தனியாக இருப்பதைவிடக் கூடுதலாக ஆவியாகும். கடும் வெயிலில், இன்ஜினை ஒட்டிக் குழாய் போகும் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எரிபொருள் அழுத்தத்தில் இருப்பதால் இது அரிது.

11. இ10 மேல இ20 ஊத்தலாமா? நானே எத்தனால் வாங்கிக் கலந்தா மிச்சம் ஆகுமா?

முதல் கேள்விக்கு: தாராளமாக. பாதி இ10, பாதி இ20 என்றால் இ15 ஆகும், அவ்வளவுதான்.

இரண்டாவதற்கு: வேண்டாம். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கும், சிலவற்றில் மெத்தனாலும் இருக்கும். தண்ணீர் இருந்தால் 8-ஆம் பதிலில் சொன்ன பிரிதல் உங்கள் டேங்கிலேயே நடக்கும், மெத்தனால் அலுமினியத்தை அரிக்கும். பிரேசிலில் பெட்ரோல் கலக்காமல் விற்கும் எத்தனாலில் சுமார் 5 சதவீதம் தண்ணீர் இருந்தும் ஓடுகிறதே என்றால், அங்கே அதைத் தனியாக ஊற்றும்போது பிரிவதற்குப் பெட்ரோல் இல்லை, அந்த வண்டிகளும் அதற்கென்று செய்தவை.

12. எவ்வளவு கலந்திருக்காங்கன்னு நானே பார்த்துக்க முடியுமா?

தோராயமாக முடியும். கண்ணாடி அளவுக் குழாயில் 20 மில்லி தண்ணீர், அதன்மேல் 50 மில்லி பெட்ரோல் விட்டு, மூடிக் குலுக்கி, சில நிமிடம் நிற்கவிடுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். கீழ் அடுக்கு 20-லேயே நின்றால் எத்தனால் இல்லை, 25-ஐ ஒட்டி ஏறினால் சுமார் 10 சதவீதம், 30-ஐ ஒட்டி ஏறினால் சுமார் 20. ஆய்வகத் துல்லியம் இருக்காது, ஆனால் பாதிக்குப் பாதி கலப்படம் இருந்தால் பிடிபட்டுவிடும். திறந்த வெளியில், தீ, சிகரெட், ஸ்விட்ச் எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். சோதித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், வண்டியிலும் ஊற்றாதீர்கள்.

13. புகை குறையுமா குறையாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடு குறையும், பழைய வண்டிகளில் நன்றாகவே குறையும். பென்சீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பங்கு பெட்ரோலில் குறையும், இது எனக்குப் பெரிய நன்மையாகவே படுகிறது. ஆனால் அசிட்டால்டிஹைடு என்ற கெடுதலான பொருளின் வெளியேற்றம் கூடும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்யும் வண்டியில் அதில் பெரும்பகுதி அழிந்துவிடும், அது இல்லாத வண்டியில் அப்படியே தெருவுக்கு வரும். நைட்ரஜன் ஆக்சைடுகள் இன்ஜினையும் டியூனிங்கையும் பொறுத்து ஏறும் அல்லது இறங்கும்.

14. செடி உறிஞ்சின கார்பன்தானே திரும்பி வருது? அப்ப பூஜ்ஜியம்தானே?

இந்த வாதம் அழகானது, முழுமையானதல்ல. எரியும்போது வரும் கார்பன் டை ஆக்சைடைப் பயிர் முன்பே காற்றிலிருந்து எடுத்தது என்பது சரி. ஆனால் அந்தப் பயிருக்கு இட்ட யூரியா எரிவாயுவிலிருந்து செய்தது, உழுத டிராக்டர் டீசலில் ஓடியது, வடிக்கும் ஆலைக்கு நீராவி வேண்டும், உர நைட்ரஜனிலிருந்து மண் வெளிவிடும் நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டை ஆக்சைடைவிட 250 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

எனவே எதிலிருந்து எடுத்தது என்பதே முதல் கேள்வி. பிரேசில் கரும்பு எத்தனாலில் உள்ளே போட்ட புதைபடிவ ஆற்றல் ஒரு பங்கு என்றால் திரும்ப வருவது சுமார் எட்டுப் பங்கு, காரணம் ஆலை கரும்புச் சக்கையையே எரித்து ஓடுகிறது. மக்காச்சோளத்தில் பல ஆய்வுகள் அதை ஒன்றரை, இரண்டு என்ற அளவில் வைக்கின்றன.

அடுத்தது நிலம். உணவுக்குப் போன பயிர் எரிபொருளுக்குத் திரும்பினால், அந்த உணவை எங்கோ காட்டையோ புல்வெளியையோ உழுது விளைவிக்கிறார்கள், மண்ணில் பல காலம் அடங்கியிருந்த கார்பன் வெளியே வருகிறது. 2008-ல் திமத்தி சர்ச்சிங்கர் குழு சயின்ஸ் இதழில் இதை எழுப்பியதிலிருந்து சண்டை ஓயவில்லை. 2021-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகம் மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 44 முதல் 52 சதவீதம் குறைந்த கார்பன் என்றது. 2022-ல் டைலர் லார்க் குழு நிலமாற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, குறையவில்லை, 24 சதவீதமாவது கூடுதலாக இருக்கலாம் என்றது. இரண்டும் பொறுப்பான ஆய்வுகள், நிலத்தை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. என் முடிவு: புதிதாக நிலம் கேட்காத எத்தனாலை நம்பலாம், நிலம் கேட்பதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

15. சாப்பிடற பயிரை வண்டிக்குப் போடறது நியாயமா?

எனக்கு மிகவும் உறுத்தும் கேள்வி இது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 400 லிட்டர் எத்தனால் வரும், ஒரு டன் கரும்பிலிருந்து 70 முதல் 80 லிட்டர். அமெரிக்க மக்காச்சோள விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதம் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது. எதிர்ப்பவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆலைக்குப் போன எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதமும் நாரும் நிறைந்த கால்நடைத் தீவனமாகத் திரும்பி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உபரி விளைந்த வருடத்தில் எத்தனால் ஆலை இருப்பது விவசாயிக்கு நல்ல விலை தருகிறது, அதையும் மறுக்க முடியாது. பஞ்ச வருடத்தில் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். சட்டத்தில் கலப்பு அளவு நிலையாக எழுதிவைக்கப்பட்டிருந்தால் விளைச்சல் குறைந்தாலும் வண்டி முதலில் சாப்பிடும், மனிதரும் மாடும் பிறகு. கலப்பு அளவை விளைச்சலோடு ஏற்றி இறக்கும் விதி எல்லா இடத்திலும் வேண்டும் என்பேன்.

தண்ணீரும் இதே கணக்கில் வரும். மழையில் வளரும் கரும்புக்கும் நிலத்தடி நீரை இறைத்து வளர்க்கும் கரும்புக்கும் மலையளவு வித்தியாசம். 3-ஆம் பதிலில் சொன்ன அதே நிதி ஆயோக் அறிக்கை, கரும்புச் சர்க்கரை வழி வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டது. ஆலையிலும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 10 லிட்டருக்கு மேல் ஸ்பென்ட் வாஷ் என்ற பழுப்பு நிறக் கழிவுநீர் வருகிறது. சுத்திகரித்து வயலுக்கு விட்டால் பொட்டாசியம் நிறைந்த உரம், அப்படியே ஆற்றில் விட்டால் மீன் மிஞ்சாது.

16. வைக்கோல், சக்கைல இருந்து எடுக்கலாமே? அதைச் சொல்லியே வருஷக்கணக்கா ஓட்டறாங்களே?

எடுக்கலாம், 2ஜி, அதாவது இரண்டாம் தலைமுறை எத்தனால் என்பது அதுதான். வைக்கோலிலும் சக்கையிலும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் செல்லுலோஸாகப் பின்னி, லிக்னின் என்ற கெட்டியான பொருளுக்குள் பூட்டிவைத்திருக்கிறது. அமிலம், நீராவி, விலை உயர்ந்த நொதிகள் கொண்டு திறக்க வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி, மண்ணும் கல்லும் கலந்த வைக்கோலை வருடம் முழுக்கச் சேர்த்துக் கொண்டுவந்து, நனையாமல் அடுக்கிவைப்பது. டூபாண்ட் அமெரிக்காவின் அயோவாவில் 2015-ல் திறந்த பெரிய ஆலையை 2017-லேயே மூடியது. 2022-ல் இந்தியாவின் பானிபட்டில் நெல் வைக்கோலுக்கென்று ஓர் ஆலை திறந்தார்கள். வயலில் எரித்துப் புகையாகும் வைக்கோலுக்கு வேறு வழி கிடைக்கும் என்பதால் இந்த முயற்சி வெற்றிபெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வேதியியல் வேலை செய்கிறது, செலவுக் கணக்குதான் இன்னும் இடிக்கிறது.

17. பிரேசில்ல 50 வருஷமா ஓடுது, நமக்கு மட்டும் என்ன பயம்?

பிரேசிலை உதாரணம் காட்டுபவர்கள் அதன் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். எண்ணெய் விலை அதிர்ச்சிக்குப் பிறகு 1975-ல் புரோஆல்கூல் திட்டம் தொடங்கியது, 1979-ல் சுத்த எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 வந்தது, 1980-களின் நடுவில் விற்ற புதுக் கார்களில் 90 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கார்கள். பிறகு சர்க்கரை விலை ஏறியதும் ஆலைகள் சர்க்கரைக்குத் திரும்பின, 1989-ல் எத்தனால் தட்டுப்பாடு, வண்டிக்காரர்கள் பங்க் வாசலில் வரிசையில் நின்றார்கள். எத்தனால் கார் வாங்குவதையே மக்கள் விட்டுவிட்டார்கள்.

மறுபடி நம்பிக்கை வந்தது 2003-ல், எந்த விகிதத்தையும் ஏற்கும் ஃப்ளெக்ஸ் கார் வந்தபோது. டேங்கில் என்ன இருக்கிறது என்பதை அந்த வண்டி ஆக்சிஜன் சென்சார் மூலம் கண்டு தன்னை மாற்றிக்கொள்ளும். இன்று எத்தனால் தட்டுப்பாடு வந்தால் பிரேசில்காரர் பெட்ரோலுக்குப் போவார், எத்தனால் மலிந்தால் எத்தனாலுக்கு வருவார். அங்கே வேலை செய்தது மழையில் வளரும் கரும்பு, பரந்த நிலம், சக்கையில் ஓடும் ஆலை, இவற்றோடு 3-ஆம் பதிலில் சொன்ன அந்தத் தேர்வு உரிமை. கலப்பு எண்ணை மட்டும் அங்கிருந்து இறக்குமதி செய்தால் போதாது.

18. தீப்பிடிச்சா பெட்ரோலை விட ஆபத்தா?

குறைந்த கலவைகள் பெட்ரோல் போலவேதான். சுத்த எத்தனால் பெட்ரோலைவிடச் சற்று மெதுவாகத் தீப்பிடிக்கும், ஆனால் அதன் சுடர் வெளிர் நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எத்தனால் அதிகமான தீயில் சாதாரண நுரை கரைந்துபோகும், ஆல்கஹாலைத் தாங்கும் தனி நுரை வேண்டும். ஆலை, கிடங்கு, டேங்கர் லாரி பக்கம் வேலை செய்பவர்களுக்கு இது உயிர் பிரச்சினை, அங்கே எந்த நுரை இருப்பில் இருக்கிறது என்று கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

19. டீசல்ல கலக்க முடியாதா?

சுலபமில்லை. இரண்டும் சரியாகக் கலக்காது, கொஞ்சம் தண்ணீர் பட்டாலே பிரியும். 4-ஆம் பதிலில் புகழ்ந்த குணம் டீசல் இன்ஜினுக்குக் கெடுதல்: அங்கே எரிபொருள் அழுத்தத்தில் தானாகவே பற்றிக்கொள்ள வேண்டும், எத்தனால் பற்றாது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஸ்கானியா பேருந்துகள் பல வருடம் எத்தனாலில் ஓடின, அதற்கு அழுத்த விகிதத்தை ஏற்றி, பற்றவைக்க உதவும் சேர்மமும் சேர்த்தார்கள். உங்கள் டீசல் வண்டியில் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தவறி ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், டேங்கை வடிக்கச் சொல்லுங்கள்.

20. கரண்ட் வண்டி வந்தாச்சு. இனிமே எத்தனால் எதுக்கு?

நிலத்தை வைத்துப் பார்த்தால் மின்சாரம் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. விழும் சூரிய ஒளியில் பயிர் சேமிப்பது ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ, சூரியத் தகடு சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. அதன் பிறகும் இன்ஜின் எரிபொருளில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடிக்கும், மோட்டார் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். வண்டிக்கு ஆற்றல் தருவதற்காக மட்டும் ஒரு வயலை ஒதுக்குவதாக இருந்தால், அங்கே கரும்பு நடுவதற்கு என்னால் நியாயம் சொல்ல முடியாது.

ஆனால் இன்று ஓடும் கோடிக்கணக்கான பெட்ரோல் வண்டிகள் நாளைக்கே மறையப் போவதில்லை. அவற்றுக்கு ஈயமோ எம்டிபிஇயோ இல்லாமல் ஆக்டேன் வேண்டும், அதற்குப் பத்துப் பதினைந்து சதவீத எத்தனால் போதும். பேட்டரியில் நீண்ட தூரம் பறக்க முடியாத விமானங்களுக்கு எத்தனாலிலிருந்து ஜெட் எரிபொருள் செய்யும் வழியும் இருக்கிறது. மொலாசஸ், கெட்டுப்போன தானியம், வைக்கோல் என்று கையில் இருப்பதிலிருந்து கிடைக்கும் எத்தனாலை இந்த இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. புது வண்டி இப்போது வாங்குகிறீர்கள், அது பெட்ரோல் வண்டிதான் என்றால், இ20-க்கு டியூன் செய்தது என்று கையேட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஃப்ளெக்ஸ் என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது.